ஆனியில் போட்ட வளையல்

மே 16, 1999, ஞாயிறு

பொங்கல் லீவுக்கு வந்தபோது பட்டாளத்துக் கேன்டீனிலிருந்து நீங்கள் வாங்கிவந்து கொடுத்த டைரி இது. "தெனமும் எழுது வனஜா, அடுத்த லீவுல வந்து பேப்பர் மாதிரி ஒக்காந்து படிக்கிறேன்" என்றீர்கள். முதல் பக்கத்தில் ஒரு கோலம் போட்டுப் பார்த்தேன். அதோடு சரி. நான்கு மாதம் அரிசி டப்பா மேல் கிடந்தது.

இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேச ஆள் இல்லை. அத்தை இருக்கிறார், ஆனால் உங்கள் அம்மாவிடம் பேசுவதைவிடச் சுவரிடம் பேசினால் பதில் சீக்கிரம் வரும். காலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. "வயித்துல புள்ளய வச்சிக்கினு தூளுகிட்ட வராத" என்கிறார். அதனால் எனக்கு வேலை, சமைப்பதும் பக்கத்து வீட்டுக் கோழியோடு சண்டை போடுவதும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டைரி முழுக்கத் தேடினாலும் உங்கள் பெயர் இருக்காது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். எழுதினாலும் அப்படித்தானா என்று தெரியவில்லை. எதற்கு வம்பு?

மே 30, ஞாயிறு

லோகு அக்கா வீட்டு டிவியில் கார்கில் என்று ஒரு இடத்தைக் காட்டினார்கள். வெறும் கல்லும் பனியும். நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பதால் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. லோகு அக்கா மட்டும் சத்தமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பூனாவில் ஸ்டோரில் இருக்கிறார், அந்தத் தைரியம்.

நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் "இங்கே எல்லாம் நலம்" என்று மட்டும் எழுதுகிற ஆள் நீங்கள். நலமாக இருக்கிற ஆள் வேறு நாலு விஷயமும் எழுதுவார்.

ஜூன் 13, ஞாயிறு

இன்றைக்குச் சாப்பாடே வேண்டாம், அவ்வளவு சந்தோஷம்.

பத்து மணிக்குச் சுபேதார் மாமா அவருடைய எஸ்டிடி பூத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ரிட்டையராகிப் பத்து வருஷமாகியும் அவர் ஓடினால் பரேடு மாதிரிதான் இருக்கும். "ஸ்ரீநகர்லருந்து போனு! மறுபடி கூப்பிடறானாம், ஓடியா" என்றார். அத்தை முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். "இன்னா வேல, டிரைவருக்கு இன்னா வேல, வண்டி ஓட்றதுதான்" என்றீர்கள். பீரங்கிக்குக் குண்டு ஏற்றிக்கொண்டு மேலே போவதாகவும், ராத்திரியில் விளக்குப் போடாமல் போக வேண்டும் என்றும் சொன்னீர்கள். விளக்கில்லாமல் மலைப் பாதையில் எப்படி என்று கத்தினேன். பூத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "முன்னால போற வண்டிக்குப் பின்னாடி அடியில வெள்ளையடிச்சிருப்பாங்க. அது மட்டும் தெரியும். அதையே பாத்துக்கினு போவணும், அவ்ளோதான். பள்ளத்தப் பாத்தாத்தான் பயம்" என்றீர்கள்.

வளைகாப்பை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம், லீவு கிடைக்கும் என்றீர்கள். பச்சை வளையல்தான் வேண்டும், பிறக்கப்போவது பெண்தான், உங்கள் பீரங்கிப் பிரிவான பேட்டரியில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது என்றீர்கள். பையன் பிறந்தால் என்ன செய்வீர்களாம்?

அத்தையிடம் போனைக் கொடுத்தேன். "சாப்ட்டியா நைனா" என்று கேட்டார். பிறகு "சரி" என்றார். போனை வைத்துவிட்டார். மகனோடு ஐந்து மாதத்துக்குப் பிறகு பேசுகிற தாய், இரண்டே வார்த்தை!

ஜூன் 20, ஞாயிறு

அத்தைக்கு இன்று வாய் திறந்தது. ஏதோ பேச்சில் நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்த கதை வந்தது.

வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆள் எடுத்தபோது உங்களுக்கு எடை போதவில்லையாமே? யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்று, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினீர்களாம். எடை தேறிவிட்டது. அப்புறம் ஓடச் சொன்னார்களாம். கடைசிச் சுற்று முடிந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் தின்ற பழமெல்லாம் ஆபீசர் பூட்ஸ் மேலேயே! "ஓடி முடிச்சிட்டுத்தானே வாந்தி எடுத்தான், எடுத்துக்கோ" என்றாராம் அவர். அத்தை சொல்லிவிட்டுச் சிரித்தார். நாசிக்கில் டிரெயினிங் முடித்து முதல் லீவுக்கு வந்தபோது அம்மாவுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்தீர்களாம், குடியாத்தம் வெயிலுக்கு. அது இன்னும் பெட்டியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி மடித்து வைக்கிறார்.

உங்கள் அப்பா, கிணறு சரிந்து இறந்தபோது நீங்கள் வயிற்றில் ஐந்து மாதம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றுமில்லை. இலை வெட்டுகிற கத்தரிக்கோல் நிற்கவில்லை. அவர் இடது மணிக்கட்டில் கோணலாக ஒரு தழும்பு இருக்கிறதே, இது எப்போது பட்டது என்று கேட்டேன். "அருவா" என்றார். அடுத்த இலையை எடுத்தார்.

ஜூன் 29, செவ்வாய்

குழந்தை உதைக்கிறது. உங்கள் அம்மாவின் கையை எடுத்து வைத்தேன். "டிரைவரு புள்ள, பிரேக்கு மிதிக்குது" என்றார். அத்தை வேடிக்கைகூடப் பேசுவார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 6, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுகிற நாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். இரத்தம் குறைவு, முருங்கைக்கீரை சாப்பிடு என்று நர்சம்மா திட்டினார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு மணி இருக்கும்.

சுபேதார் மாமாவின் பூத் பூட்டியிருந்தது. இவர் பூத்தைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. லோகு அக்கா வீட்டு நாற்காலி. டம்ளரில் காபி அப்படியே ஏடு படிந்து இருந்தது. சுபேதார் மாமா அப்போதுதான் கிளம்புகிற மாதிரி நின்றிருந்தார். ஜனவரி இருபத்தாறுக்குக் கொடியேற்றும்போது மட்டும் போடும் தொப்பி அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எதையோ சொல்ல வாய் எடுத்தார். பின்புறத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ஜெயவேலு, சொன்னது ஞாபகம் இருக்கட்டும்." மாமா என் வயிற்றைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார்.

பின்னால் போனேன். அத்தை கைப்பம்புக்கு அடியில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். விடிகாலையில் தவிர அவர் குளித்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு வெயிலில், புடவையோடு, குடம் குடமாக. "ஒடம்பு காந்துது" என்றார். ஈரத் தலையோடு எழுந்து எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன். கீரை கசந்தது.

சாயந்தரம் பீடி வாங்க வருகிறவர் அத்தையின் கட்டைப் பிரித்துப் பார்த்து, "இன்னாம்மா இது, தூளே இல்லாம வெறும் எலையச் சுத்தி வச்சிருக்கிற" என்றார். அத்தையின் பீடி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அத்தை அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி சுற்றினார்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜூலை 7, புதன்

காலையில் எழுந்ததும் அத்தை சொன்னார்: "நாளைக்கு வளகாப்பு வச்சிடலாம்."

ஆவணியில்தானே என்று பேசினோம் என்றேன். "ஆடி வந்துட்டா செய்யக் கூடாது. ஆவணிக்கு ஒம்போது மாசம் ஆயிடும், நீ பாரமா இருப்ப. ஆனியிலயே முடிச்சிடலாம்."

"அவரு லீவு வாங்கிக்கினு வரன்னாரே அத்தே."

"வருவான்" என்றார். "அவன் வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடணும்."

அவர் வருவதற்கு முன்னால் ஏன் முடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ் ஏறிக் குடியாத்தம் கடைத்தெருவுக்குப் போய் வளையல் வாங்கி வந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லாதவர் வளையல் கடையில் நின்று அளவு பார்த்து வாங்கியிருக்கிறார். பச்சைதான். அதைக்கூட மறக்கவில்லை. அப்புறம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். வளைகாப்புக்குக் கூப்பிட எதற்குக் கதவு சாத்த வேண்டும்? லோகு அக்கா வீட்டிலிருந்து வெளியே வரும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மன்றாடினாள். அத்தை கையை உதறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டிவி பார்க்க வரட்டுமா என்று லோகு அக்காவைக் கேட்டேன். ரிப்பேர் என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஜூலை 8, வியாழன்

வளைகாப்பு நடந்தது.

தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். வராதவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. வந்தவர்கள் பட்டுக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். பாடத் தெரிந்த தனக்கோட்டி அக்கா கூட வாயைத் திறக்கவில்லை. எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள் லோகு அக்கா. அடுப்பு பின்கட்டில் இருந்தது.

என் அம்மாவும் சம்பத் அண்ணனும் வந்திருந்தார்கள். அண்ணன் வாசலோடு நின்றுகொண்டான். அம்மா என்னைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. அத்தை வந்து, "சம்பந்தி, நல்ல காரியம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அம்மா கையை எடுத்துவிட்டாள்.

முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய வளையல் போட வேண்டும். அதை அத்தைதான் ராத்திரி கட்டி வைத்திருந்தார். ஆனால் போடுகிற நேரத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "அத்தே, நீங்க வந்து போடுங்க" என்று கையை நீட்டினேன். "நான் தொடக் கூடாது. லோகு, நீ போடு" என்று குரல் மட்டும் வந்தது. லோகு அக்கா போட்டாள். அவசரத்தில் குச்சி என் மணிக்கட்டில் உரசியது. அப்புறம் கண்ணாடி வளையல். சந்தனம் பூசிவிட்டு ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். ரெண்டு கையிலும் முழங்கை வரை ஏறிவிட்டது. போட்டு முடித்ததும் தனக்கோட்டி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள்.

சாப்பாட்டில் புளிச்சோற்றுக்கு உப்பில்லை. எல்லாரும் இலையில் வைத்ததைச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அத்தை என் முன்னால் வந்து உட்கார்ந்தார். என் கையைத் தொடாமல் வளையலை மட்டும் பார்த்தார். "இது புள்ள பொறக்குற வரைக்கும் கையில இருக்கணும். இந்தச் சத்தத்த அது கேட்டுக்கினே இருக்கணும். நடுவுல கழட்டினா புள்ளைக்கு ஆவாது. தெரியுதா?"

"தெரியுது அத்தே."

"யாரு சொன்னாலும்."

"சரி அத்தே."

இதெல்லாம் எனக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கட்டும் என்றுதான் செய்தார் என்று நினைக்கிறேன். கிடைத்தது. கையை ஆட்டினால் சத்தம் நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்ட பச்சைதான்.

ஜூலை 9, வெள்ளி

வந்துவிட்டீர்கள்.

ஜூலை 11, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். தினமும் எழுது என்று சொன்னவர் நீங்கள்.

பட்டாள லாரியில் கொண்டுவந்தார்கள். மரப்பெட்டி. மேலே கொடி. திறக்கக் கூடாது என்றார்கள். அத்தை பெட்டியின் தலைப் பக்கம் எது என்று கேட்டு, அங்கே போய் உட்கார்ந்தார். ஊரே கதறியது. நான் கதறினேன், மண்ணில் விழப்போனேன், யார் யாரோ தாங்கிக்கொண்டார்கள். ஆம்பூரிலிருந்து வந்த உங்கள் அப்பாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா முறை, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அத்தையின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார். வளையலுக்கு மேலே, வளையலில் படாமல்.

உங்களோடு வந்தவர் பிரான்சிஸ். நாகர்கோவில்காரர், உங்கள் பேட்டரிதான். பெட்டியைவிட்டு நகரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தை கேட்டதும் சொன்னார். குண்டு ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போனபோது, எதிரி குண்டு பாதையில் விழுந்திருக்கிறது. முன்னால் போன வண்டியில் டிரைவருக்கு அடி. வண்டியில் தீப்பிடித்துவிட்டது. அது அங்கேயே வெடித்தால் பின்னால் இருக்கிற வண்டியெல்லாம் போய்விடும். நீங்கள் உங்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி, அந்த டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டு, எரிகிற வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். வளைவைத் தாண்டிப் போன பிறகுதான் சத்தம் கேட்டதாம்.

"அந்த டிரைவரு?" என்று அத்தை கேட்டார்.

"பொழச்சிட்டாருங்கம்மா. பீகார்க்காரரு."

"அவனுக்கு அம்மா இருக்குதா?"

"இருக்காங்கம்மா."

அத்தை தலையை ஆட்டினார். பிரான்சிஸுக்குச் சோறு போடச் சொன்னார்.

சுடுகாட்டுக்கு எடுத்தபோது நான் தெருமுனை வரைதான் போகலாம் என்றார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நடந்த அத்தையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்திருந்தபோது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வயிற்றுக்குள் குழந்தை தூக்கிப் போட்டது.

ஜூலை 15, வியாழன்

முருங்கைக்கீரை. அத்தை எதிரே உட்கார்ந்து, நான் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

ஜூலை 22, வியாழன்

பெரியம்மா ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். என் அம்மா வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும், வெள்ளை. யாருக்கு என்ன வேலை என்று பெரியம்மாதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார்.

லோகு அக்காவிடம் கேட்டேன், என்ன செய்வார்கள் என்று. பூ வைத்து, மஞ்சள் பூசி, உட்காரவைப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் எடுப்பார்கள். வளையலைக் கழட்ட மாட்டார்கள், உடைப்பார்கள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வருகிறது. எதன் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வளையலை எடுத்துவிட்டால் வீட்டில் எந்தச் சத்தமும் இருக்காது.

ஜூலை 24, சனி

ஆண்கள் ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். பெரியம்மாவும் நாலைந்து பெண்களும் என்னை நடு வீட்டில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். பூ வைத்தார்கள். அம்மா சுவரோரமாக முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பெரியம்மா குழவிக் கல்லை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். என் இடது கையைப் பிடித்தார்.

அத்தை பின்கட்டிலிருந்து வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி இல்லாமல், உப்பு கேட்க வருகிற மாதிரி வந்தார்.

"அண்ணி, கைய விடு. அது வளகாப்பு வளையலு. புள்ள பொறக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா புள்ளைக்கு ஆவாது."

பெரியம்மா அத்தையைப் பெயர் சொல்லி அதட்டினார்: "இன்னாடி பச்ச, புதுசா பேசற? எனக்கும் செஞ்சாங்க, உனக்கும் செஞ்சோம்."

"செஞ்சீங்க. அவன் வயித்துல இருந்தான். நான் கைய இழுத்தேன்னு நாலு பேரு அமுக்கிப் புடிச்சிக்கினு இதே கல்லுல அடிச்சீங்க. கண்ணாடி உள்ள போயி மாசக்கணக்கா சீழு வச்சிது. எனக்கு வளகாப்பு ஆவல, கேக்கறதுக்கு வழி இல்ல. இவளுக்கு ஆயிருக்குது. முறைப்படி ஆயிருக்குது. ஊரே வந்து போட்டுது."

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அருவாள் என்று சொன்ன தழும்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கட்டும் என்று மட்டும் அத்தை வளைகாப்பு வைக்கவில்லை. மகன் செத்த செய்தி வந்த அன்றே, பம்படியில் தலைக்கு ஊற்றிக்கொண்டே, இந்தக் குழவிக் கல்லை நினைத்திருக்கிறார். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் செய்திருக்கிறார்.

பெரியம்மா விடவில்லை. "சாவு சேதி வந்த வீட்டுல போட்ட வளையலு எப்படிடி செல்லும்? தீட்டுல செஞ்சது செஞ்சதே இல்ல."

"சேதி எங்கிட்ட வந்துது. அவகிட்ட வரல. தெரியாதவளுக்கு ஏது தீட்டு?"

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். கெட்டவர் இல்லை அவர். தம்பி மகனுக்காக அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அவருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் அவருக்கு நடந்தது எதற்கு என்றாகிவிடும். "நீ சொல்லு. வளகாப்பு அன்னிக்கு உனக்குத் தெரியுமா தெரியாதா? வயித்துல கைய வச்சிச் சொல்லு."

அத்தை என்னைப் பார்த்தார். பதினெட்டு நாளில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது பயம். உங்கள் அம்மாவுக்குப் பயம் வந்து நான் பார்த்ததே இல்லை.

வயிற்றில் கையை வைத்தேன். வளையல் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல பெரியம்மா" என்றேன்.

அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. குழந்தை மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா என் கையை விட்டார். "தாலி?" என்றார்.

"வளையலு இருக்கிற வரைக்கும் தாலியும் இருக்கட்டும்" என்றார் அத்தை. குழவிக் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். ஏரிக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குச் சோறு வடிக்க வேண்டும் அல்லவா.

ஜூலை 27, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டதாம். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். லோகு அக்கா ஒரு கிண்ணத்தில் லட்டு கொண்டுவந்தாள், வாசலிலேயே நின்றாள், திரும்பிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. நீங்கள் லீவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதம்.

அத்தை மறுபடி பீடி சுற்றுகிறார். ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. இன்னும் அழவில்லை. ஊரில் அதைப் பற்றி ஒரு மாதிரி பேசுகிறார்கள், கல் மனசு என்று. நான் ராத்திரி திரும்பிப் படுத்தால்கூட வளையல் சத்தத்துக்கு அவர் விழித்துக்கொள்கிறார். உடைந்துவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் காலையில் என் கையைப் பார்க்கிறார். பாத்திரம் தேய்க்க விடுவதில்லை, தண்ணீர் அடிக்க விடுவதில்லை. கண்ணாடி வளையலைச் சுமப்பவள் நான், காப்பவர் அவர்.

நீங்கள் பள்ளத்தைப் பார்க்காதே என்று சொன்னீர்கள். நான் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கக் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, புதன்

நேற்று விடிகாலை வலி எடுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வளையலைக் கழட்டுங்கள் என்று நர்சம்மா சொன்னபோது அத்தை, "புள்ள சத்தம் கேக்கட்டும்மா" என்றார். அந்த அம்மா என் தாலியைப் பார்த்தார், அத்தையின் வெறுங்கழுத்தைப் பார்த்தார், எதுவும் தெரியாமலே ஒரு துணியை எடுத்து வளையல் மேல் சுற்றிக் கட்டிவிட்டார்.

பெண். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பேட்டரியில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும், பிரான்சிஸுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, நானே ஒவ்வொன்றாகக் கழட்டினேன். காய்ந்து கருத்துப்போன வேப்பங்குச்சி வளையலும் வந்தது. அத்தை தட்டை ஏந்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒன்றுகூட உடையவில்லை. கையில் ஒரு கீறல் இல்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைகாப்பன்று தொடாதவர் இன்று தொட்டார். தாலியைப் பற்றி யாராவது கேட்கட்டும், இனி நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

"எம்மா, உனக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?"

"தெரியும் அத்தே."

"எப்பத்துலருந்து?"

"பம்புகிட்ட நீங்க தலைக்கு ஊத்திக்கினு இருந்தீங்களே. அப்பவே."

அத்தை தட்டைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் சாய்ந்தார். ஜூலையிலிருந்து அடக்கி வைத்தது அவ்வளவும் வெளியே வந்தது. "பூபாலா, என் பூபாலா" என்று அவர் கத்தியது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் ஓடிவந்தார்கள். பச்சை உடம்புக்காரி முன்னால் அழாதீர்கள் என்று யாரோ அதட்டினார்கள். விடுங்கள், அழட்டும் என்றேன்.

குழந்தை விழித்துக்கொண்டாள். வயிற்றுக்குள் வளையல் சத்தத்துக்குத்தான் பழகியிருந்தாள். அந்தப் பெயரை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறாள். இனி அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பூபாலன்.

எழுதிவிட்டேன். இனிமேல் எழுதினால் ஒன்றும் ஆகாது.